ஒரு ஆள் காற்று

"கொலைகாரனப் புடிச்சாச்சு மிஸ். கொலையத்தான் இன்னும் காணோம்" என்றான் பந்துல.

பெர்ல் குரேரா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமைப் புயலில் கவிழ்ந்து, வெள்ளிக்கிழமையாகியும் ஈரம் காயாமல் நீர்கொழும்பு மணலில் குப்புறக் கிடந்த பாய்த்தோணியை மறுபடி ஒரு சுற்று சுற்றி வந்தாள். பொலிஸில் சார்ஜண்டாக இருந்தவள். மேலதிகாரி ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் முட்டாள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, இப்போது தனியாகத் துப்பறிகிறவள். சொன்னது தப்பில்லை, சத்தமாகச் சொன்னதுதான் தப்பு என்பது அவளுடைய உதவியாளன் பந்துலவின் கருத்து. அவன் குருநாகல் பக்கத்து வயற்காட்டு ஆள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் புத்தரைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவான். மாதாவைக் கூப்பிட்டுப் பழகிய இந்தக் கரையில் அதற்காகவே அவனை வம்புக்கு இழுப்பார்கள்.

விவகாரம் இதுதான். தோணியில் போனது இரண்டு பேர். ஒருவன் கிளமன்ட், மற்றவன் அவன் தங்கை இமெல்டாவின் கணவன் அன்ஸ்லம். திரும்பி வந்தது கிளமன்ட் மட்டும். கவிழ்ந்த தோணியின் முதுகைக் கட்டிக்கொண்டு மிதந்தவனை மற்றத் தோணிக்காரர்கள் இழுத்து வந்து கரையில் போட்டார்கள். அன்ஸ்லமின் உடல் கூடக் கிடைக்கவில்லை. புயலில் ஆள் போவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஆனால் திங்கட்கிழமை மாலை, மீன் ஏலம் நடக்கிற இடத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, மச்சானின் சட்டையைப் பிடித்து "உன்னக் கடல்ல தள்ளாம விடமாட்டேன்டா" என்று கிளமன்ட் கத்தியிருந்தான். மறுநாள் விடியும் முன்னே அதே மச்சானோடு ஒரே தோணியில் ஏறிப் போனான். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வீரக்கோன் மணலில் தோல் சப்பாத்து புதைய நடந்து வந்தார். ஒரு காலத்தில் பெர்லோடு வேலை பார்த்தவர். அவள் முட்டாள் என்று சொன்னது இவரையல்ல, ஆனால் சொன்னபோது பக்கத்தில் நின்று சிரித்துவிட்டு மாட்டிக்கொண்டவர்.

"சாயங்காலப் பூசைக்கு ஊரே வரும், அதுக்கு முன்னால ரகள வேணாம்னு பாக்குறேன். முடிஞ்சதும் கிளமன்டக் கூட்டிட்டுப் போயிடுவேன். கயிறப் பாத்தியா பெர்ல்? கத்தியால வெட்டியிருக்கு."

"பாய்க்கயிறுதானே?"

"எந்தக் கயிறா இருந்தா என்ன? வெட்டு வெட்டுதானே?"

"கவிழ்ந்த தோணியில பாய வெட்டி விடலேன்னா அது தண்ணியக் குடிச்சுத் தோணியையும் சேத்து இழுத்துடும். எங்கப்பாவும் வெட்டியிருக்காரு. வேணும்னா அவரையும் புடிச்சுட்டுப் போ. கல்லறைத் தோட்டத்துல வலது கைப் பக்கம் இருக்காரு."

வீரக்கோன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கயிற விடு. அந்தச் சண்ட?"

"அது இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள் பெர்ல். அவள் முகத்தில் இருந்த சந்தேகம் பந்துலவுக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் இந்த வேலையைக் கொடுத்தது இமெல்டா. நேற்றுக் காலை கண்கள் வீங்கி வந்து நின்றவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எங்கண்ணன் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கலாமா கூடாதா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பெர்ல் அக்கா. ரெண்டு நாளா அவன வாசலோடயே நிக்க வெச்சுட்டேன். சந்தேகத்தோட என்னால இருக்க முடியல." அம்மா அப்பா இல்லாத அவளை வளர்த்தவன் கிளமன்ட்தான்.

காய வைப்பதற்காகக் கழிகளில் தொங்கவிட்டிருந்த செம்மண் நிறப் பாய்களுக்கு நடுவே, யார் கண்ணிலும் படாமல், கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான் கிளமன்ட். நாற்பதைத் தாண்டிய முரட்டு ஆள். பூசைக்காக வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டிருந்தான். காலில் மட்டும் தேய்ந்த ரப்பர் செருப்பு.

"மேல மாப்பிள்ள, கீழ மீன்காரர்" என்று முணுமுணுத்தான் பந்துல.

"எத்தன தடவதான் சொல்றது அக்கா?" கிளமன்ட் நிமிரவில்லை. "விடியக்காலைல போனோம். ரொம்ப வெளிய போயிட்டோம். காத்து வந்துச்சு, கவிழ்ந்துச்சு, அவன் போயிட்டான். அவ்வளவுதான்."

"ரொம்ப வெளிய எதுக்கு? இப்ப இறால் கரையோரமாத்தானே ஓடுது?"

"பெரிய மீன் கெடைக்கும்னு அன்ஸ்லம் சொன்னான்."

"திங்கக்கிழம சட்டையப் புடிச்ச. செவ்வாக்கிழம அவன் சொன்ன எடத்துக்கெல்லாம் போன?"

"மச்சான் சண்டக்கா. ராத்திரியோட முடிஞ்சுது."

"எதப் பத்திச் சண்ட?"

"மறந்து போச்சு."

"எம் பொண்டாட்டி கல்யாணத்தன்னைக்கு நடந்த சண்டையக்கூட இன்னும் மறக்கல" என்றான் பந்துல. "உங்களுக்கு நாலே நாள்ல மறந்துடுச்சு. குடுத்து வெச்சவர்ண்ணே நீங்க."

கிளமன்ட் சிரிக்கவில்லை. பெர்ல் கூடையின் மறுபக்கம் குந்தி உட்கார்ந்தாள்.

"காத்து எப்படி இருந்துச்சு?"

இதற்கு மட்டும் அவன் தலை தானாக நிமிர்ந்தது. "தெக்கால இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா தோணி போனது மொத அடிலயே. ஒரு ஆள் காத்துதான். மூணு ஆள் காத்தெல்லாம் பொறவுதான் வந்துச்சு. அப்ப நான் தோணி முதுகுல கெடந்தேன்."

"நிச்சயமா ஒரு ஆள் காத்துதானா?"

"என்னக்கா, காத்து கூடவா எனக்குத் தெரியாது?" சுருக்கென்று கோபம் வந்தது.

"அன்ஸ்லம் எங்க நின்னான்?"

"பக்கக்கட்ட மேல. வேற எங்க நிப்பான்? கவிழ்ந்தப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் விழுந்தோம். நான் தோணியப் புடிச்சுட்டேன். அவன் கைக்கு எட்டல."

பெர்ல் எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "சரி. பூசைக்கு நேரமாகுது, தலைய வாரிக்க" என்றாள். அவ்வளவுதான். இன்னும் ஒரு கேள்வியாவது கேட்பாள் என்று காத்திருந்த பந்துல அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

"மிஸ், எங்கூர்ல நெல்லத்தான் அளப்போம். இங்க காத்தையும் அளக்குறீங்க, அதுவும் ஆள வெச்சா?"

"வேற எத வெச்சு அளக்கறது? தோணிக்கு வெளிய கட்டியிருக்கிற பக்கக்கட்ட எப்பவும் காத்து வர்ற பக்கம் இருக்கும். காத்து பாயத் தள்ளினா கட்ட மேல தூக்கும். அத அமுக்கறதுக்கு ஆள் போய் அது மேல நிக்கணும். ஒருத்தன் நின்னாப் போதும்னா ஒரு ஆள் காத்து. ரெண்டு பேர் தேவைன்னா ரெண்டு ஆள் காத்து."

"நான் போய் நின்னா?"

"உன்ன ரெண்டாக் கணக்கு வெச்சுப்பாங்க."

பந்துல தொந்தியைத் தடவிக்கொண்டு நாலடி நடந்தான். ஐந்தாவது அடியில் நின்றுவிட்டான். "மிஸ்! ஒரு ஆள் காத்துல, கட்ட மேல ஒரு ஆள் நின்னிருந்தா..."

"தோணி கவிழாது."

"அப்ப அந்தாளு காத்தக் கொறச்சு சொல்லிட்டாரு. பொய்."

"அவன் சொன்னதுல பொய் நெறைய இருக்கு. காத்து மட்டும் பொய்யில்ல. அன்னைக்குக் கடல்ல ஊர்த் தோணி பாதி இருந்துச்சு. எல்லாருக்கும் அதே காத்துதான். இவங்க பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லுவாங்க, ஃபாதர்கிட்ட கூட சொல்லுவாங்க. காத்தக் கூட்டிச் சொல்லவோ கொறச்சுச் சொல்லவோ இவங்க வாயில வராது. சொன்னா சாகுற வரைக்கும் ஊர் சிரிக்கும்."

இருந்தாலும் அவள் பெர்ல் அல்லவா. வழியில் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஒருவனிடம் நின்றாள். "செவ்வாக்கிழம மொத அடி எப்படி?"

"ஒரு ஆள்" என்றான் அவன், தலையைத் திருப்பாமலே. "நான் போய் நின்னேன், தம்பி பாய எறக்கினான். பொறவு வந்ததுதான் பேய்க்காத்து."

காற்று வந்தபோது அன்ஸ்லம் கட்டை மேல் இல்லை. அந்தத் தோணி அகலத்துக்கு ஒளிந்துகொள்ள வேறு இடமும் கிடையாது. அப்படியானால் காற்று வருவதற்கு முன்பே, கடல் அமைதியாகக் கிடந்தபோதே, தோணியில் ஒருவன் குறைந்திருக்கிறான். ஒருவனைக் காப்பாற்ற ஆதாரம் தேடி வந்தார்கள். இது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

"வீரக்கோன் சொன்னதுதான் சரி போல மிஸ்."

"அப்படித்தான் தெரியுது" என்றாள் பெர்ல். "வா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும்."

இமெல்டாவின் வீட்டில் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடல் இல்லாத சாவு வீடு. கட்டிலில் வெள்ளை விரித்து, அன்ஸ்லமின் கல்யாணக் கோட்டு, சட்டை, காற்சட்டை, கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் ஒரு மனிதன் படுத்திருப்பது போலவே அடுக்கி, கால்மாட்டில் கறுப்புச் சப்பாத்தும் வைத்து, சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். யாரோ பந்துலவின் கையில் இஞ்சிப் பிளேன்டீயைத் திணித்தார்கள்.

"முப்பது வயசுதானே ஆகுது அவளுக்கு" என்று பின்னால் ஒருத்தி கிசுகிசுத்தாள். "பாவம், ஒரு வருஷம் போகட்டும். யாராவது நல்லவனாப் பாத்து ஃபாதரே முடிச்சு வெச்சுடுவாரு."

பெர்ல் இமெல்டாவைத் தனியே கூப்பிட வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அவள் வார்த்தை தேடி பந்துல பார்த்ததே இல்லை. பார்க்கப் பொறுக்காமல் கட்டில் பக்கம் திரும்பினான். திரும்பியவன் டீயை ஊதுவதை நிறுத்தினான். பிறகு மெதுவாக அவள் காதருகே போனான்.

"மிஸ், செத்தவங்களுக்கு நகம் வளரும்னு கேள்விப்பட்டிருக்கேன். பாதமுமா வளரும்?"

"என்ன உளர்ற?"

"காற்சட்டையப் பாருங்க, சின்ன ஆளு. சப்பாத்தப் பாருங்க, அதுல நான் குருநாகல் வரைக்கும் படகு விடலாம்."

பெர்ல் பார்த்தாள். பிறகு இமெல்டாவின் தோளில் கை வைத்துக் கேட்டாள். "இந்தச் சப்பாத்து எங்க இருந்துச்சும்மா?"

"வீடு முழுக்கத் தேடினேன்க்கா, கெடைக்கல. அப்புறம் அண்ணன்தான் வாசல்ல கொண்டு வந்து குடுத்தான். தைக்க வாங்கிட்டுப் போயிருந்தானாம்." சொல்லிக்கொண்டே இமெல்டா குனிந்தாள். அழுத கண்ணுக்கு இத்தனை நாள் சப்பாத்தா தெரிந்திருக்கும்? ஒன்றைக் கையில் எடுத்தாள். "இது அவரோடது இல்லையே. இது அண்ணனோடது."

"தோணிக்குச் சப்பாத்து போட்டுக்கிட்டுப் போற வழக்கம் உண்டா உம் புருஷனுக்கு?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? செருப்பயே மணல்ல கழட்டிப் போட்டுட்டுத்தானே ஏறுவாங்க? யாராவது தோணில சப்பாத்து வெப்பாங்களா?"

"யாரும் வெக்க மாட்டாங்க" என்றாள் பெர்ல். அவள் குரல் மாறிவிட்டது. வேட்டை வாசம் பிடித்தபோது வருகிற குரல் அது, பந்துலவுக்குத் தெரியும். "நீ ஒரு கேள்வி கேட்டியே, பதில் சொல்லப் போறேன். எங்கூட வா. ஆனா நான் கூப்பிடற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கிய நேரத்தில், இமெல்டாவைத் தொங்குகிற பாய் ஒன்றின் பின்னால் நிறுத்திவிட்டு, பெர்ல் மட்டும் பந்துலவோடு முன்பக்கம் போனாள். கிளமன்ட் பூசைக்குப் போகவே இல்லை. அதே கூடையில் உட்கார்ந்திருந்தான்.

"உன் சப்பாத்து எங்க கிளமன்ட்?"

அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"நானே சொல்றேன். உன்னோடது உன் தங்கச்சி வீட்டுக் கட்டில்ல இருக்கு. அன்ஸ்லமோடது எங்க இருக்கு தெரியுமா? அன்ஸ்லம் கால்ல இருக்கு. கடல்ல சாகப் போறவன் சப்பாத்த எடுத்துட்டுப் போக மாட்டான். வேற கரையில எறங்கி நடக்கப் போறவன்தான் எடுத்துட்டுப் போவான். காத்து வந்தப்ப கட்ட மேல ஆளே இல்ல, ஏன்னா ஆள எறக்கி விட்டுட்டுத்தான் நீ திரும்பிக்கிட்டு இருந்த. எந்தப் படகுல ஏத்தி விட்ட?"

கிளமன்ட் நாலு பக்கமும் பார்த்தான். "மெதுவாப் பேசுங்கக்கா. கையெடுத்துக் கும்புடுறேன்."

"சொல்லு."

"வெளிக்கடல்ல ஒரு ட்ரோலர் படகு நின்னுச்சு. இத்தாலி போறவங்களக் கள்ளத்தனமா ஏத்திட்டுப் போறது. எஞ்சின் படகுல போனா சத்தம் கேக்கும், பாய்த்தோணின்னா யாருக்கும் சந்தேகம் வராது. போய்ச் சம்பாதிச்சு வருஷத்துக்குள்ள இமெல்டாவக் கூப்பிட்டுக்குறேன்னான். அத அவகிட்ட இப்ப சொல்லாதேன்னான். அதுக்குத்தான் அன்னைக்குச் சட்டையப் புடிச்சேன். ராத்திரி வந்து கால்ல விழுந்து சத்தியம் பண்ணினான். நம்பிட்டேன்." அவன் குனிந்து செருப்பைப் பார்த்தான். "பக்கத்துல போனதும் ட்ரோலர்லேருந்து ஒரு பொம்பள கை நீட்டினா. இவன் அந்தக் கையப் புடிச்சுக்கிட்டு ஏறினான். விடவே இல்ல அந்தக் கைய. மேல நின்னுக்கிட்டு எங்கிட்ட சொல்றான், 'நான் செத்துட்டேன்னு சொல்லிடு மச்சான், அவளுக்கும் அதுதான் நல்லது'ன்னு. திரும்பி வர்றப்ப ஒரு ஆள் காத்து வந்துச்சுக்கா. எங்கிட்ட அந்த ஒரு ஆள் இல்ல."

"இத வீரக்கோன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? உன்னக் கொலைகாரன்னு கூட்டிட்டுப் போகப் போறாங்கடா!"

"போகட்டும். புருஷன் செத்தவளுக்குக் கோயில்ல மறுபடி கல்யாணம் பண்ணி வெப்பாங்க. ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு? எங்கயோ ஒருத்தன் இன்னொருத்தியோட குடும்பம் நடத்துவான். அவன் சாகுற வரைக்கும் இவ இங்க அவன் பேரச் சொல்லிக்கிட்டு ஒத்தைல கெடக்கணும். முப்பது வயசுக்கா அவளுக்கு."

"பொய் மேல கட்டுற கல்யாணம் பாவமில்லையா?"

"பாவம் எனக்குத்தானே? தெரியாதவளுக்கு என்ன பாவம்? ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட நான் இதப் பத்தி வாயத் தொறக்கல. அதான் பூசைக்கே போகல."

சற்று முன்பு இந்த மனிதனின் செருப்பைப் பார்த்துக் கிண்டலடித்ததற்குப் பந்துலவுக்கு வெட்கமாக இருந்தது. பெர்லைப் பார்த்தான். அவள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கூப்பிடுவதற்குள் வேறு குரல் முந்திக்கொண்டது.

"கெளம்பு கிளமன்ட்." இன்ஸ்பெக்டர் வீரக்கோன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பூசை முடிந்த கூட்டம் முழுவதும், கையில் செபமாலையோடு, வேடிக்கை பார்க்க இறங்கியிருந்தது.

பெர்ல் வாயைத் திறப்பதற்குள் கிளமன்ட் எழுந்துவிட்டான். "போலாம் மாத்தயா" என்றான், கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில். "நான்தான் தள்ளினேன். அன்ஸ்லமக் கொன்னது நான்தான்."

கூட்டம் ஓவென்றது. வீரக்கோன், பார்த்தாயா என்பது போலப் பெர்லைப் பார்த்தார். "மிஸ், சொல்லுங்க!" என்று பந்துல அவள் கையைப் பிடித்து உலுக்கினான். பெர்ல் அசையவில்லை. "நான் சொல்லக் கூடாதுடா" என்றாள் மெல்ல. "இது அவ வாழ்க்க."

பாய் விலகியது. இமெல்டா நேராக அண்ணனிடம் போனாள். பளாரென்று ஓர் அறை விட்டாள். கரை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

"என்னக் கேட்டியா? அவன் என்னக் கேக்காம ஓடிப் போனான். நீ என்னக் கேக்காம என்ன விதவையாக்கின. எனக்கும் வாய் இருக்குன்னு ஒருத்தனுக்காவது தோணிச்சா?"

"இமெல்டா, வேணாம்மா. பேசாத. வீட்டுக்குப் போ." கிளமன்ட் கெஞ்சினான்.

வீரக்கோனுக்கு அந்தப் பெண்மேல் இரக்கம் வந்துவிட்டது. "தள்ளி நில்லும்மா. புருஷனப் பறிகொடுத்துட்டு நிக்கிற. இதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்."

"யார் பறிகொடுத்தது?" இமெல்டா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போய் வந்தன. எல்லாம் தெரிந்த முகங்கள். இன்று காலை வரை அவளுக்காக அழுத முகங்கள். நாளையிலிருந்து வேறு மாதிரிப் பார்க்கப் போகிற முகங்கள். அவள் மூச்சை இழுத்துவிட்டாள்.

"எம் புருஷன் சாகல. உயிரோடதான் இருக்கான். நான் வேணாம்னுட்டு இன்னொருத்தி கையப் புடிச்சுக்கிட்டு ட்ரோலர்ல ஏறிப் போயிட்டான். எங்கண்ணன் யாரையும் தள்ளல. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேட்டுச்சா, இன்னொரு தடவ சொல்லட்டுமா?"

வீரக்கோன் பெர்லைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் கான்ஸ்டபிள்களைக் கண்ணாலேயே பின்வாங்கச் சொன்னார்.

கிளமன்ட் அப்படியே மணலில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு பெரிய சத்தம் போட்டு அழுதான். கடலில் கிடந்தபோது அழாதவன், கொலைகாரன் என்று ஊர் காறித் துப்பியபோது அழாதவன். இமெல்டா கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, அறைந்த அதே கையால் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரிண்ணே" என்றாள். "மூணு நாளா உன்ன வாசல்ல நிக்க வெச்சுட்டனே நான்." அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது.